நாடு முழுக்க ஒரே மரம்

டோக்கியோவின் குடான் பகுதியில், யாசுகுனி ஆலய வளாகத்துக்குள் ஒரு சகுரா மரம் இருக்கிறது. மார்ச் மாத நடுவில் ஜப்பான் வானிலை முகமையின் அலுவலர் அங்கே வந்து, மரத்தை அண்ணாந்து பார்த்தபடி மெல்லச் சுற்றிவருவார். அவருக்குப் பின்னால் தொலைக்காட்சிக் கேமராக்கள், நிருபர்கள், வேடிக்கை பார்க்க வந்த கூட்டம். அவர் பூக்களை எண்ணுகிறார். நான்குதான் விரிந்திருக்கிறது என்றால் கூட்டம் கலைந்துவிடும். ஐந்தோ ஆறோ விரிந்திருந்தால், டோக்கியோவில் சகுரா மலர்ந்துவிட்டது என்று அந்த இடத்திலேயே அறிவிப்பார். கைதட்டல் எழும். செய்தி நாடெங்கும் போகும்.

ஜப்பானுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் முதல் வசந்தத்தில் வியக்கும் காட்சி இது. அடுத்த சில நாட்களில் அவர்களையும் யாராவது ஹனாமிக்கு அழைப்பார்கள். ஹனாமி என்றால் சகுரா மரத்தடியில் விரிப்பைப் போட்டு, கூட்டமாக உட்கார்ந்து, சாப்பிட்டுக் குடித்துப் பூப் பார்ப்பது. ஜப்பானில் பள்ளியாண்டும் நிதியாண்டும் ஏப்ரல் 1 அன்று தொடங்குகின்றன. புது வேலை, புது வகுப்பு, புது ஊர் எல்லாம் பூக்காலத்தோடு சேர்ந்தே வரும். பூங்காவில் நல்ல இடம் பிடிக்க, அலுவலகத்தின் இளையவர் காலையிலேயே நீலத் தார்ப்பாயோடு போய்க் காத்திருப்பார். டோக்கியோவில் இந்தியர்கள் நிறைய வாழும் எதொகாவா வட்டாரத்திலும் ஆற்றங்கரையோரம் சகுரா வரிசைகள் உண்டு. பென்தோ உணவுப்பெட்டிகளுக்கு நடுவே அங்கே சம்சாவையும் எலுமிச்சைச் சோற்றையும் காணலாம்.

சிக்கல் தேதியில்தான். முதல் பூ விரிந்து முழு மலர்ச்சிக்கு ஏறத்தாழ ஒரு வாரம். அதன்பின் இன்னொரு வாரத்தில் எல்லாம் உதிர்ந்துவிடும். ஒரு நகரம் முழுக்க அந்தச் சில நாட்களுக்குள் மரத்தடிக்கு வந்து சேர வேண்டும். அதனால் ஜனவரியிலிருந்தே தனியார் வானிலை நிறுவனங்கள் ஊர்வாரியாகப் பூக்கும் நாளைக் கணித்து வெளியிடுகின்றன. இரண்டு மாதம் முன்னதாகவே ஒரு மரத்தின் மனத்தை எப்படிப் படிக்க முடிகிறது? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், நாம் உட்காரும் விரிப்புக்கு மேலே எவ்வளவு நுட்பமான கருவி கிளை பரப்பி நிற்கிறது என்பது புரியும்.

கதை முந்தைய ஆண்டின் கோடையில் தொடங்குகிறது. ஏப்ரலில் விரியப்போகும் பூவின் மொட்டு அதற்கு முந்தைய ஜூலை, ஆகஸ்ட் மாதங்களிலேயே உருவாகிவிடுகிறது. அப்போது நல்ல வெயில். உடனே பூத்துவிட்டால் காயும் விதையும் பனியில் மடியும். இலைகள் அதைத் தடுக்கின்றன. பகல் குறுகுவதை உணர்ந்து, அப்சிசிக் அமிலம் என்ற வளர்ச்சி அடக்கியைத் தயாரித்து மொட்டுகளுக்கு அனுப்புகின்றன. மொட்டு உறக்கநிலைக்குள் போகிறது. வெளியே எவ்வளவு இதமாக இருந்தாலும் வளர மறுக்கும் நிலை அது. இலைகளின் இந்தக் காவலை இயற்கையே சில ஆண்டுகளில் நமக்குக் காட்டிக்கொடுக்கும். 2018 இல் பெரும் புயல்கள் வீசி, மரங்களின் இலைகளைக் காலத்துக்கு முன்பே பறித்துக்கொண்டு போயின. அடக்கும் கை விலகியது. இலையுதிர் காலத்தில் ஜப்பானின் பல ஊர்களில் சகுரா பூத்தது.

உறங்கும் மொட்டை எழுப்புவது எது? வெயில் என்றுதான் யாரும் சொல்வோம். உண்மையில் முதலில் அதைத் தட்டி எழுப்புவது குளிர். பல வாரங்கள் கடுங்குளிர் பட்டால்தான் உறக்கம் முறியும். அதற்குப் பிறகு வரும் வெப்பம் மட்டுமே மொட்டை வளர்க்கும். ஜனவரியில் தப்பித்தவறி வரும் இதமான வாரத்தைக் கண்டு மரம் ஏமாறாமல் இருப்பதற்கு இந்த இரட்டைப் பூட்டே காரணம்.

இரண்டு பூட்டும் ஒழுங்காகத் திறக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை 2020 காட்டியது. அந்தக் குளிர்காலம் வழக்கத்தைவிட மிக இதமாக இருந்தது. டோக்கியோவில் சகுரா மார்ச் 14 அன்றே மலர்ந்தது. அதுவரை அங்கே பதிவான மலர்ச்சிகளிலேயே முந்தியது அது. அன்று நகரில் பனி விழுந்துகொண்டிருந்தது என்பது இன்னும் விசித்திரம். அங்கிருந்து ஏறத்தாழ 950 கிலோமீட்டர் தென்மேற்கே, பனைகள் வளரும் ககோஷிமாவில் மலர்ந்த நாளோ ஏப்ரல் 1. தெற்கில் முதலில் பூக்கும் என்ற பொது நம்பிக்கை தலைகீழானது. ககோஷிமா மொட்டுகளுக்கு வெப்பம் தாராளமாகக் கிடைத்தது. விழிப்பதற்கு வேண்டிய குளிர்தான் போதவில்லை.

விழித்த மொட்டு எப்போது விரியும் என்பதைச் சொல்ல ஓர் எளிய கணக்கு உண்டு. பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு நாளின் அதிகபட்ச வெப்பநிலையையும் கூட்டிக்கொண்டே வாருங்கள். கூட்டுத்தொகை 600 பாகை செல்சியஸைத் தொடும் நாளை ஒட்டிப் பூ மலரும். டோக்கியோவில் போட்டுப் பார்ப்போம். பிப்ரவரியின் சராசரிப் பகல் உச்சம் சுமார் 11 பாகை. 28 நாளுக்கு 308. மீதி 292. மார்ச்சில் நாளொன்றுக்குச் சுமார் 14 பாகை என்று வைத்தால் இன்னும் 21 நாட்கள். விடை மார்ச் 21. டோக்கியோவின் நீண்டகாலச் சராசரி மலர்ச்சி நாள் மார்ச் 24. ஒரு துண்டுத் தாளும் பென்சிலும் வைத்துப் போட்ட கூட்டல், உயிருள்ள ஒரு மரத்தின் முடிவை மூன்று நாள் வித்தியாசத்தில் சொல்லிவிடுகிறது!

வல்லுநர்களின் கணக்கு இதைவிட நுணுக்கமானது. மொட்டுக்குள் நடப்பது வேதிவினை. வெப்பநிலை ஏற ஏற வேதிவினையின் வேகம் நேர்க்கோட்டில் ஏறாது, எகிறும். 20 பாகையில் கழியும் ஒரு நாள், 10 பாகையில் கழியும் இரண்டு நாளுக்கும் அதிகமான வளர்ச்சியைத் தரும். எனவே ஒவ்வொரு நாளுக்கும் அதன் வெப்பத்துக்கேற்ற எடை கொடுத்துக் கூட்டுகிறார்கள். கணக்கை எந்த நாளிலிருந்து தொடங்குவது என்பதும் ஊருக்கு ஊர் மாறும். எவ்வளவு வடக்கே இருக்கிறது, கடலிலிருந்து எவ்வளவு தூரம், அந்தக் குளிர்காலம் எப்படி இருந்தது என்பதெல்லாம் பார்க்கப்படும்.

கணினிக்கு முந்தைய காலத்தில் வானிலை முகமையினர் மொட்டுகளைப் பறித்து வந்து தராசில் எடைபோட்டு நாள் குறித்தார்கள். நாடளாவிய முன்னறிவிப்பை 1955 இல் தொடங்கி 2009 வரை அந்த முகமையே வெளியிட்டது. 2007 இல் கணினிப் பிழையால் டோக்கியோ உட்படச் சில ஊர்களின் தேதி தவறிப்போனபோது பொதுமக்களிடம் மன்னிப்புக் கேட்டது. பூக்கும் நாளுக்காக ஓர் அரசு அமைப்பு மன்னிப்புக் கேட்பது எனக்கு மிகை என்று தோன்றவில்லை. அந்தத் தேதியை நம்பி எத்தனை ரயில் சீட்டுகள் வாங்கப்பட்டிருக்கும், எத்தனை விழாக்கள் குறிக்கப்பட்டிருக்கும்!

இவ்வளவு துல்லியம் எப்படிக் கைகூடுகிறது? நம்மூர் வேப்பமரங்களில் ஒன்று இன்று பூக்கும், பக்கத்து மரம் பத்து நாள் கழித்துப் பூக்கும். ஜப்பானின் பூங்காக்களிலும் பள்ளி வளாகங்களிலும் ஆற்றங்கரைகளிலும் நிற்கும் சகுராக்களில் மிகப் பெரும்பாலானவை சோமெய் யோஷினோ என்ற ஒரே வகையைச் சேர்ந்தவை. ஒரே வகை என்பதுகூடக் குறைவான சொல். அவை அனைத்தும் நகலிகள், அதாவது ஒரே மரபணுத் தொகுதியைக் கொண்ட படிகள். நல்ல மாமரத்தின் கிளையை வெட்டி வேறொரு நாற்றில் ஒட்டுக்கட்டுகிறோமே, அதே முறைதான். ஒரு மரத்திலிருந்து வெட்டிய குச்சிகள், அந்தக் குச்சிகள் வளர்ந்த மரங்களிலிருந்து வெட்டிய குச்சிகள் என்று தலைமுறை தலைமுறையாகக் கத்தியால் பெருகிய ஒரே உயிர் அது. தெற்கே கியூஷு தீவில் நிற்கும் மரமும் வடக்கே செந்தாய் நகரில் நிற்கும் மரமும், மரபணு நோக்கில், ஒரே மரத்தின் இரண்டு கிளைகள்.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். ஒரே வெப்பத்துக்கு ஒரே விதமாக எதிர்வினை தரும் மரம் நாடு முழுக்க நடப்பட்டிருக்கிறது. ஓர் ஊரில் முந்திப் பூத்தால் அதற்கு அந்த ஊரின் தட்பவெப்பமே காரணம். மரத்தின் தனிக்குணத்தைக் காரணம் சொல்ல வழியில்லை. 58 இடங்களில் வானிலை முகமை வைத்திருக்கும் மாதிரி மரங்களை வைத்து, ஒரே நாளில் மலரும் ஊர்களை வரைபடத்தில் கோட்டால் இணைக்கிறார்கள். சகுரா எல்லைக்கோடு என்பது இதுதான். அந்தக் கோடு மார்ச் பிற்பகுதியில் தெற்கிலிருந்து புறப்பட்டு மே முதல் வாரத்தில் வடகோடியிலுள்ள ஹொக்கைடோவை அடைகிறது. ஒகினாவாவிலும் ஹொக்கைடோவின் குளிர்ந்த பகுதிகளிலும் சோமெய் யோஷினோ சரிவர வளராததால் அங்கே வேறு சகுராக்கள் சாட்சி சொல்கின்றன.

சோமெய் என்பது இன்றைய டோக்கியோவின் கோமாகோமே பக்கத்தில் இருந்த கிராமம். தோட்டக்காரர்கள் நிறைந்த ஊர். அங்கிருந்துதான் 19 ஆம் நூற்றாண்டில் இந்த மரம் விற்பனைக்குப் போனது. பெற்றோர் இருவர்: எதோ-ஹிகான் என்ற காட்டுச் சகுராவும், ஒஷிமா தீவுப் பக்கத்துச் சகுராவின் வழிவந்த மரமும். 2019 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சோமெய் யோஷினோவின் மரபணுத் தொகுதியைப் படித்தபோது, இந்த இரு மரபுகளும் சுமார் 55 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு பிரிந்தவை என்று கணக்கிட்டார்கள். அவ்வளவு காலம் தனித்தனியே வாழ்ந்தவை மீண்டும் சேர்ந்ததில் ஹனாமிக்கென்றே செய்ததுபோல ஒரு மரம் வாய்த்தது. எதோ-ஹிகானிடமிருந்து, இலை துளிர்க்கும் முன்பே பூக்கும் குணம். ஒஷிமாவிடமிருந்து பெரிய பூ. இலையின் பச்சை எதுவும் கலக்காமல் கிளை முழுக்கப் பூவாகத் தெரிவது இந்தக் கூட்டணியால்தான். பூக்கள் நீண்ட காம்புகளில் கொத்தாகக் கீழ்நோக்கித் தொங்குகின்றன. மரத்தடியில் உட்கார்ந்தவருக்கே அவற்றின் முகம் முழுதாகத் தெரியும்.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஓர் உண்மை இருக்கிறது. சகுரா நொடியில் மறையும் அழகு என்ற எண்ணத்துக்கு ஒட்டுக்கத்தியும் ஒரு காரணம். ஜப்பானை ஆண்ட எட்டாம் ஷோகுன் தொக்குகாவா யோஷிமுனே 1720 ஐ ஒட்டி, இன்றைய டோக்கியோவான எதோ நகரின் அசுகாயாமா குன்றில் மரங்கள் நட்டுச் சாதாரண மக்களுக்குத் திறந்துவிட்டபோது சோமெய் யோஷினோ பரவியிருக்கவில்லை. விதையிலிருந்து வளரும் மலைச் சகுராக்கள் ஒவ்வொன்றும் தன் போக்கில் பூக்கும். இன்றும் பலவகைச் சகுராக்கள் நிற்கும் டோக்கியோவின் ஷின்ஜுகு கியோஎன் தோட்டத்தில் பிப்ரவரி தொடங்கி ஏப்ரல் கடைசி வரை ஏதாவதொன்று பூத்திருக்கும். நகலிகள் பெருகிய பிறகுதான் ஒரு நகரமே ஒரு வாரத்தில் வெளுத்து, அடுத்த வாரத்தில் உதிர்ந்தது.

தோப்பாக நிற்கும் சோமெய் யோஷினோக்கள் தங்களுக்குள் விதை தருவதில்லை. சகுராவின் சூல்தண்டில் ஒரு புரதம் இருக்கிறது. தன் மரபணு அடையாளத்தையே கொண்ட மகரந்தம் வந்து விழுந்தால், அது நீட்டும் குழலை நடுவழியில் நிறுத்திவிடும். தாவரவியலில் இதற்குத் தற்பொருந்தாமை என்று பெயர். தன் மகரந்தத்தைத் தானே மறுப்பது. இரண்டு கிலோமீட்டர் வரிசை என்றாலும் எல்லாம் ஒரே மரம் என்பதால் எல்லா மகரந்தமும் மறுக்கப்படும். பறவைகளுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. வெள்ளைக்கண்ணிகளும் சின்னான்களும் நீண்ட அலகைப் பூவுக்குள் நுழைத்துத் தேன் குடிக்கின்றன. சிட்டுகளின் அலகோ குட்டை, தேனை எட்டாது. அவை பூவின் அடியைக் கொத்தித் துண்டித்துத் தேனை உறிஞ்சிவிட்டுப் போட்டுவிடும். விரிப்பின் மேல் இதழ் இதழாக உதிராமல் முழுப்பூவாகச் சுழன்று ஒன்று விழுந்தால், மேலே ஒரு சிட்டு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

விழுந்த பூவைக் கையிலெடுத்து நடுவைப் பாருங்கள். இளம் பூவின் நடு வெளிர்நிறமாக இருக்கும். நாளாக ஆக அது அடர் சிவப்பாகும். மரத்தில் பெரும்பாலான பூக்கள் நடுவில் சிவந்துவிட்டால் உதிரும் நேரம் நெருங்கிவிட்டது. புதுப் பூ பலத்த காற்றையும் தாங்கும். முதிர்ந்த பூவின் இதழ்களுக்கு அடியில் பிரியும் அடுக்கு தயாராகிவிட்டால் ஒரு மெல்லிய வீச்சே போதும். நடுவில் குளிர் திரும்பினால் பூக்கள் மெதுவாக முதிர்ந்து சில நாட்கள் கூடுதலாக நிற்கும். மரத்தடியில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது ஆறுதலான செய்தி.

பூ உதிர்ந்தபின் யாரும் மரத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும். இலைக்காம்பின் மேல்நுனியில் குண்டூசித் தலையளவு இரண்டு புடைப்புகள் தெரியும். அவை தேன் சுரப்பிகள். பூவுக்கு வெளியே சுரக்கும் தேன். எறும்புகள் அதைத் தேடி வரும், வரும் வழியில் இலை தின்னும் புழுக்களை விரட்டும். இலைக்குள் இன்னொரு ரகசியமும் உண்டு. சகுராமொச்சி என்ற இனிப்பை உப்பிலிட்ட சகுரா இலையில் சுற்றித் தருவார்கள். வாயருகே கொண்டுபோகும்போதே ஒரு தனி நறுமணம் வரும். பச்சை இலையைக் கசக்கி முகர்ந்தால் அந்த மணம் அவ்வளவாக இருக்காது. கூமரின் என்ற மணப்பொருள், சர்க்கரையோடு பிணைந்து மணமற்ற வடிவில் இலைச் செல்லுக்குள் பதுங்கியிருக்கிறது. உப்பு செல்களை உடைக்கும்போது பிணைப்பு அறுந்து மணம் வெளிப்படுகிறது. இதற்கென இலை பறிப்பது ஒஷிமா சகுராவிலிருந்து. இசு தீபகற்பத்தின் மட்சுசாகி ஊரில் பெரிய மரப்பீப்பாய்களில் அந்த இலைகளை மாதக்கணக்கில் ஊறவைக்கிறார்கள்.

எல்லாம் ஒரே மரம் என்பதற்கு விலையும் உண்டு. ஒரு மரத்தைத் தாக்கும் நோய் எல்லா மரத்தையும் தாக்கும். ஒரு பூஞ்சையால் கிளைகள் துடைப்பம்போல் கற்றையாகித் திரளும் நோய் சோமெய் யோஷினோவை எளிதில் பிடிக்கிறது. நோயுற்ற கிளை பூக்காது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஒரே காலத்தில் நடப்பட்ட மரங்கள் ஒரே காலத்தில் முதுமையடைந்து வருகின்றன. சகுராவை வெட்டினால் வெட்டிய இடத்தில் அழுகல் புகும் என்று தோட்டக்காரர்கள் அதன்மேல் கத்தி வைக்கவே தயங்குவார்கள். வடக்கே அவொமோரி மாகாணத்தின் ஹிரொசாகி ஊரில் அந்தத் தயக்கம் உடைந்தது. அது ஆப்பிள் தோட்டங்களின் ஊர். ஆப்பிள் மரத்தைக் கவாத்து செய்து இளமை காக்கும் கைப்பழக்கத்தை அங்குள்ளவர்கள் கோட்டைப் பூங்காவின் சகுராக்களிலும் பயன்படுத்தினார்கள். வெட்டுவாயில் மருந்து பூசி, உரமிட்டு, புதுக்கிளைகளை வளர்த்தார்கள். 1882 இல் நட்ட சோமெய் யோஷினோ அங்கே இன்னும் பூக்கிறது. ஒரு மொட்டிலிருந்து விரியும் பூக்களின் எண்ணிக்கையும் மற்ற ஊர்களைவிட அங்கே அதிகம். சகுரா காலத்தில் எங்கே போவது என்று என்னைக் கேட்டால், ஏப்ரல் கடைசியில் ஹிரொசாகிக்குத்தான் போகச் சொல்வேன்.

கியோட்டோவில் இந்தப் பூப் பார்க்கும் பழக்கம் அறிவியலுக்குப் பெரிய கொடை தந்திருக்கிறது. 812 இல் சாகா பேரரசர் அங்கே பூ விருந்து வைத்ததாக அரசவைக் குறிப்பு உண்டு. அதன்பின் அரண்மனையாரும் துறவிகளும் பிரபுக்களும் எந்த நாளில் பூப் பார்த்தோம் என்று நாட்குறிப்புகளில் எழுதிவைத்தார்கள். ஒசாகாவைச் சேர்ந்த ஆய்வாளர் யாசுயூகி அவோனோ அவற்றையெல்லாம் தேடித் தொகுத்து, 1200 ஆண்டுக்கால மலர்ச்சி நாட்களின் வரிசையை உருவாக்கினார். வெப்பமானி கண்டுபிடிக்கப்படுவதற்கு எட்டு நூற்றாண்டு முன்பிருந்து தொடங்கும் வெப்பப் பதிவேடு அது. அந்த நீண்ட வரிசையில் பெரும்பாலான ஆண்டுகளில் முழு மலர்ச்சி ஏப்ரல் நடுவை ஒட்டி வருகிறது. 2021 இல் மார்ச் 26. அதற்கு முன் மிக முந்திய நாளாக இருந்தது மார்ச் 27. அது பதிவான ஆண்டுகளில் ஒன்று 1409.

வானிலை முகமை 2021 முதல் தன் உயிரினக் கண்காணிப்பைப் பெருமளவு சுருக்கிவிட்டது. வானம்பாடியின் முதல் பாட்டு, சிள்வண்டின் முதல் ஒலி என்று விலங்குகளைக் கவனித்துக் குறித்துவந்த பழக்கம் நின்றது. செடிகொடிகளிலும் ஆறு வகையே மிஞ்சின. சகுரா அவற்றில் ஒன்றாக இருப்பது ஆறுதல். மரக்கன்று வழங்கும் அமைப்பொன்று நோயை எதிர்க்கும் ஜின்டாய்-அகெபோனோ என்ற வகையை இப்போது சோமெய் யோஷினோவுக்குப் பதிலாகத் தருகிறது. நிறம் சற்றே கூடுதல் சிவப்பு; பூப்பது சில நாள் முன்னதாக. பூங்காக்களுக்கு அது நல்ல மாற்று. பதிவேட்டுக்கு அது வேறொரு கருவி. அதன் தேதியைப் பழைய தேதிகளோடு நேராக ஒப்பிட முடியாது. ஆகவே மாதிரி மரங்களுக்குத் துணையாகத் தனி மரங்களையும் வானிலை முகமை குறித்து வைத்திருக்கிறது. முதிய மரம் பட்டுப்போனால் எண்ணும் பொறுப்பு அதே மரபணுவைத் தாங்கிய அடுத்த மரத்துக்கு மாறும்.